கடைப்பிடியும் கடைச்சரக்கும்

தேநீர் அருந்தும்போது தேநீரை மட்டும் நினை. பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தை மட்டும் நினை. நடக்கும்போது நிலத்திற் படியும் பாதத்தை மட்டும் நினை. நேற்றையும் நாளையையும் விட்டுவிடு. துன்பம் தானே தொலையும். இவ்வுபதேசம் இன்று உலகெங்கும் நல்ல விலைக்குப் போகின்றது. நூலாகவும் ஒலிப்பதிவாகவும் கைத்தொலைபேசிச் செயலியாகவும், உல்லாசப் பயணியின் விடுமுறையோடு சேர்த்துக் கட்டிய காலைப் பயிற்சியாகவும் அது விற்பனையாகின்றது. கொள்வோர் உள்ளவரை கொடுப்போரும் இருப்பர். அதுபற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால், அச்சரக்கு இப்போது தொழிற்கூடத்துக்குள்ளும் பாடசாலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. களைத்த உழைப்பாளியையும் பசித்த பிள்ளையையும் பார்த்து அது பேசத் தொடங்கியிருக்கின்றது. ஆதலால் ஆசிரியரும் மாணவருமாகிய நாம் அதனை நிறுத்தி விசாரிக்க வேண்டியவராகின்றோம்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நமது வழக்கு புத்தர் பெருமானோடு அன்று. ஒரு நாழிகை அமைதியாக அமர்ந்து மனத்தைத் திருத்திக்கொள்ள முயலும் எவரோடும் அன்று. மனிதன் தான் செய்வதை அறிந்து செய்தல் வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு இருக்க முடியும்? மிகப் பழைய விழுமியம் ஒன்றைப் பாதியாக வெட்டி, அப்பாதியையே முழுமையென விலைகூறும் வாணிகத்தோடுதான் நமது வழக்கு. வெட்டி எறியப்பட்ட மறுபாதி எது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வுபதேசத்தின் வேர் பாளி மொழியிலுள்ள சதிபட்டான சூத்திரத்தில் இருக்கின்றது. முன்செல்லல், திரும்பி வருதல், நோக்குதல், கைகால்களை மடக்குதல், நீட்டுதல், உடுத்தல், உண்ணல், பருகல், மலசலங் கழித்தல், நடத்தல், நிற்றல், உறங்கல், விழித்தல், பேசுதல், வாளாவிருத்தல் ஆகிய யாவற்றையும் தெளிந்த அறிவோடு செய்க என அது துறவிக்கு விதிக்கின்றது. பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது கி.மு. முதலாம் நூற்றாண்டில், மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் என்பது மரபு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் உரை வகுத்ததும் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்துதான். பின்னர் வெள்ளையர் ஆட்சியில் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்து, இங்கேயே பாளி பயின்ற றைஸ் டேவிட்ஸ், 1881-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘சதி’ என்பதற்கு இட்ட ஆங்கிலச் சொல்லே இன்று உலகச் சந்தையின் வாணிக முத்திரையாகி நிற்கின்றது. செர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936-இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிகத் தேரர், 1954-இல் எழுதி வெளியிட்ட நூலே மேனாட்டார் பலருக்கு இப்பயிற்சியை முறையாக அறிமுகஞ் செய்தது. ஆகவே இது எங்கோ தோன்றி நம்மிடம் வந்த புதுமை அன்று. நம் வீட்டுப் பொருளே உருமாறி, விலைச்சீட்டோடு நம் வாசலுக்குத் திரும்பி வந்திருக்கின்றது.

‘சதி’ என்னுஞ் சொல்லின் பொருள்தான் யாது? வடமொழியின் ‘ஸ்மிருதி’யே பாளியில் ‘சதி’ ஆயிற்று. நினைவு என்பது அதன் வேர்ப்பொருள். (தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. இன்றைய விற்பனையைக் காணும்போது அப்பொருளும் பொருந்துமோ என ஐயுற வேண்டியிருக்கிறது.) புத்தர் வகுத்த எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என வழங்குவர். ‘கடைப்பிடி’ என்பதற்கு நம் பழைய உரையாசிரியர் கண்ட பொருள், கொண்ட பொருளை மறவாமை. பாளி அறிஞரும் தமிழ் உரைகாரரும் வேறு வேறு வழியிற் சென்று ஒரே இடத்தை அடைந்திருக்கின்றனர். விழித்திருத்தல் என்றால் மறவாதிருத்தல். நேற்றை மறந்துவிடு எனக் கூறும் இன்றைய வாணிகமோ விழிப்பின் பெயரால் மறதியை விற்கின்றது.

வள்ளுவர் இம்மறவாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ‘பொச்சாவாமை’ என்னும் ஐம்பத்து நான்காம் அதிகாரம் அது. பொச்சாப்பு என்றால் மறதி. மகிழ்ச்சியின் மயக்கத்தில் கடமையை மறக்கும் மறதி. அவ்வதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பதை மாணவர் கருத்தூன்றிக் காண வேண்டும். துறவறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியலில், செங்கோன்மைக்கு முன்னே வைத்தார். அதாவது, விழிப்பு என்னும் கடமையை அவர் முதற்கண் விதித்தது ஆள்வோனுக்கு. இன்றைய வாணிகம் இதனைத் தலைகீழாக்கி, ஆள்வோன் மறந்ததன் விலையைச் செலுத்துகின்றவனிடம் போய், ‘நீ விழிப்போடு மூச்சு விடு’ என்று உபதேசிக்கின்றது.

உழைக்கும் மக்களுக்கு ஒருமுனைப்பட்ட கவனத்தை எவரும் சென்று கற்பிக்க வேண்டுமா? திருகோணமலையின் வடக்கே உப்புவெளிக் கரையில் நின்று பார்ப்போம். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கின்றது. அடுத்துள்ள நிலாவெளிப் பக்கத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. கடல்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி வெயிலிற் காயவிடும் தொழில், புறத்தே நின்று பார்ப்பவனுக்குச் சோம்பலான தொழிலாகத் தோன்றலாம். உண்மை வேறு. நீர் செறியச் செறிய முதலிற் சுண்ணச் சத்து படியும். செறிவு 25 போமே பாகையை நெருங்கும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். 30 பாகையை அணுக விட்டுவிட்டால் மகனீசிய உப்புக்கள் கலந்து, விளைந்தது கசந்துபோகும். எப்போது நீரைப் பாய்ச்சுவது, எப்போது எஞ்சிய கசப்பு நீரை வடிப்பது, மேற்கே கறுக்கும் முகில் மழையாகுமா, கலைந்துபோகுமா என்று நாள் முழுவதும் நீரிலும் வானிலும் கண் பதித்து நிற்பவரிடம் போய், ‘நிகழ்கணத்தில் வாழப் பழகு’ எனக் கூறுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கரைவலைத் தொழிலும் அத்தகையதே. கயிற்றின் ஒரு தலை கரையில் இருக்க, வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு மறுதலையைக் கரைசேர்க்கின்றது. இரு வரிசையாக நின்று இழுப்போர் இருபுறமும் ஒரே கதியில் இழுத்தல் வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் தப்பிவிடும். நீரின் நிறத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் மண்டாடியின் கண் அளந்துகொண்டே இருக்கும். அம்பாப் பாடல் இழுப்பவரின் மூச்சையும் காலடியையும் ஒன்றாக்கும். மூச்சிற் கவனம், காலடியிற் கவனம், செய்தொழிலிற் கவனம் என இன்றைய பயிற்சியாளர் பட்டியலிடும் யாவும் இங்கே உண்டு. அவர்கள் பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு: பக்கத்தில் இழுப்பவன் மீதான கவனம். வலை கரையேறிய பின்னர், சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்த கைகளுக்கு எவ்வளவு என்ற கணக்கில்தான் துன்பம் தொடங்குகின்றது. அத்துன்பத்தை மூச்சை எண்ணித் தீர்க்க முடியாது. பங்கை எண்ணித்தான் தீர்க்க முடியும்.

இதே கரையில் உல்லாச விடுதிகள் நிற்கின்றன. கிழக்குக் கரையின் பருவம் ஏறத்தாழ சித்திரை முதல் புரட்டாதி வரை. வாடைக்காற்றும் மழையும் வந்தால் அறைகள் வெறுமையாகிவிடும். விருந்தினரின் சிட்டையிற் சேர்க்கப்படும் 10 வீதச் சேவைக் கட்டணத்திற் கிடைக்கும் பங்கே விடுதித் தொழிலாளர் பலருக்குச் சம்பளத்தைச் சம்பளமாக்குகின்றது. பருவம் போனால் அப்பங்கும் தேய்ந்துபோகும். அத்தகைய விடுதியின் சமையற்கட்டில் நூற்றுக்கணக்கான தட்டுகளைக் கழுவும் ஒரு பெண்ணை எண்ணுவோம். வெளியே வெண்மணலில் ஒருவர், பாத்திரம் கழுவுதலையே தியானமாகக் கொள்ளும் முறையை விளக்கும் நூலைப் படித்துக்கொண்டிருக்கிறார் எனவும் கொள்வோம். அவர் தம் வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவினால் அது தியானம். அவர் உண்ட தட்டை அப்பெண் கழுவினால் அது வேலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மனநிலையில் இல்லை. நேரம் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கின்றது. தன் நேரத்துக்குத் தானே உடையவர் கோப்பையைக் கழுவாமலும் விடலாம். அப்பெண் விட முடியாது.

பாத்திரம் கழுவுதல் பற்றிய அவ்வுபதேசத்தை உலகறியச் செய்தவர் வியற்நாமியத் துறவி திக் நாட் ஹான். 1975-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து புகழ்பெற்ற அவரது நூல், முதலில் நூலாக எழுதப்பட்டதன்று. போரின் நடுவே கிராமங்களைத் திருத்தியமைக்கவும் அகதிகளுக்கு உதவவும் தென் வியற்நாமில் உழைத்த இளைஞர் சமூகசேவைப் பாடசாலையின் தொண்டர் ஒருவருக்கு, அந்நிய நாட்டில் வாழ நேர்ந்த அவர் 1974-இல் எழுதிய நீண்ட கடிதம் அது. சாவு சூழ்ந்த ஊர்களில் பணியாற்றும் தோழர் தம் பணியைக் கைவிட்டுவிடாமல் நிலைத்து நிற்பதற்கு அவர் வழங்கிய ஊன்றுகோல் அது. பணியிலிருந்து விலகி அமைதி காண்பதற்காக அன்று, பணியிலே நிலைப்பதற்காக. அக்கடிதத்திலிருந்து போரையும் தொண்டையும் கழித்துவிட்டு, பாத்திரத்தையும் சவர்க்கார நுரையையும் மட்டும் வைத்துக்கொண்டது யார்? சந்தைதான்.

சந்தை இதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1979-இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், மருந்தால் மாறாத நோவால் வருந்தியோருக்காகப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். நோயாளர் பலர் அதனால் ஆறுதல் பெற்றனர். அதனை நாம் மறுக்கவில்லை. நாற்பது ஆண்டு சென்ற பின், 2021-இல், அமேசான் நிறுவனம் தன் பண்டகசாலைகளுக்கென ஒரு சிறு கூண்டை அறிமுகப்படுத்தியது. வேலை நெருக்கடியால் நொந்த தொழிலாளி அதற்குள் தனியே புகுந்து, திரையில் ஓடும் தியானக் காட்சிகளைப் பார்த்து மனந்தேறி, மீண்டும் வேலைக்குத் திரும்பலாமாம்! உலகம் எள்ளி நகையாடவே, அதுபற்றிய விளம்பரப் படத்தை நிறுவனம் மறைத்துக்கொண்டது. கூண்டு செய்த கை, வேலையின் வேகத்தைக் குறைக்கவில்லை. களைப்பு வேலையில் இல்லை, தொழிலாளியின் மனத்தில் இருக்கின்றது என நிலைநாட்டவே கூண்டு தேவைப்பட்டது.

பாடசாலைக்கு வருவோம், இது நம் சொந்தக் களம். பிரித்தானியாவில் 80-க்கு மேற்பட்ட பாடசாலைகளில், 8,000-க்கு மேற்பட்ட மாணவரிடையே இப்பயிற்சியைச் சோதித்த பேராய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. வழக்கமான கற்பித்தலைக் காட்டிலும் இப்பயிற்சி மாணவரின் மனநலத்துக்கு மிகுதியாக எதையும் செய்துவிடவில்லை என்பதே அம்முடிவு. அதே 2022-இல் நம் நாடு எவ்வாறு இருந்தது? செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறத்தாழ இருமடங்கு! வெறுவயிற்றோடு வகுப்பிலிருக்கும் பிள்ளைக்குக் கவனம் சிதறுகின்றது என்றால், அச்சிதறல் மனத்தின் குற்றமா, சட்டியின் குற்றமா? ‘கண்ணை மூடு, மூச்சைக் கவனி’ என்று அப்பிள்ளையிடம் கூறும்படி ஆசிரியரை ஏவுவது, நோயை வகுப்பறையில் விட்டுவிட்டு மருந்தைக் கடற்கரையில் தெளிப்பது போன்றது.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பௌத்த காப்பியம் மணிமேகலை. தமிழகத்தில் பிறந்த அக்காப்பிய நாயகியை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று வைத்த மணிபல்லவத்தை, நம் நயினாதீவாக அறிஞர் பலர் கொள்வர். அத்தீவில் அவள் கையில் வந்து சேர்ந்தது யாது? மூச்சை எண்ணும் முறையா? அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அறநெறியின் நுட்பங்களை அவள் கேட்டறிவது காப்பியத்தின் பிற்பகுதியில். பசித்தோருக்குச் சோறிடுவது அதற்கு முன்னே. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மன்னனிடம் கேட்டதும் அவளே. முதலிற் சோறு, பின்னரே சூத்திரம் என்பது தமிழ்ப் பௌத்தம் நமக்கு விட்டுச்சென்ற வரிசை. இவ்வரிசையை மாற்றி வைப்போர் பௌத்தத்துக்கும் உண்மையானவரல்லர்.

இனி, ‘நேற்றை விடு’ என்னும் உபதேசத்தை இக்கரையிலேயே வைத்துச் சோதிப்போம். உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. 1942 ஏப்ரல் 9-இல் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய போரின் நினைவு அது. ஒவ்வொரு கல்லிலும் பெயர். புல் வெட்டப்பட்டு, எழுத்துத் தேயாமல் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு அதனைப் பேணி வருகின்றது. நன்று, இறந்தோர் மறக்கப்படலாகாது. அரசுகள் தாம் நினைக்க விரும்பியதை எண்பது ஆண்டு கடந்தும் நினைக்க வல்லன என்பதற்கு அத்தோட்டமே சாட்சி. அங்கு எவரும் ‘நிகழ்கணத்தில் வாழ்க’ என எழுதி வைக்கவில்லை.

ஆனால், அவ்வீதியிலிருந்து சில மைல் தொலைவில், திருகோணமலை நகரின் கடற்கரையில், 2006 சனவரி 2-ஆந் திகதி மாலையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாலைக் காற்று வாங்கப் போன பிள்ளைகள் அவர்கள். பதின்மூன்று ஆண்டு இழுபட்ட வழக்கில், 2019 யூலையில் சந்தேக நபர்கள் 13 பேரும் போதிய சான்று இல்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். கொன்றவர் யார் என்னும் கேள்விக்கு இன்றுவரை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று விடை கூறவில்லை. இதற்கிடையே, 2004 திசெம்பர் 26-இல் இதே கரையை ஆழிப்பேரலை விழுங்கிய துயரையும் எண்ணுக. இக்கரையின் தாய்மாரிடம் போய், ‘நேற்றை விடுங்கள்; அலையோசையை மட்டும் கேளுங்கள்’ எனக் கூற நாக்கு எழுமா? அலையோசையே நேற்றாக இருக்கும் கரை இது. மாணவரை இழந்த நகரத்தின் ஆசிரியருக்கு மறவாமை ஒரு தியானப் பயிற்சியன்று. வருகைப் பதிவேட்டைப் போன்ற அன்றாடக் கடமை. மறதியை அமைதியென்று பெயரிட்டு வழங்குவோர், அறிந்தோ அறியாமலோ, வழக்கை மூடிவிட விரும்புவோருக்கே கைகொடுக்கின்றனர்.

நண்பர் சிலர் மறுத்துரைக்கக் கூடும். “உழைப்பாளிக்கும் மனம் உண்டல்லவா? கூலி உயரும்வரை அவன் அமைதியின்றி வாடத்தான் வேண்டுமா? அகத்தைப் பற்றிப் பேசினாலே பிற்போக்கு என்பது குறுகிய நோக்கமல்லவா?” கேள்வி நியாயமானது, விடையும் அவ்வாறே அமைய வேண்டும். உழைப்பாளிக்கு அமைதி வேண்டும் என்பதை மேனாட்டுப் பயிற்சியாளரிடமிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி ஓய்வு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் கேட்டது வேறென்ன? 1886 மே மாதத்தில் சிக்காகோவில் இரத்தம் சிந்தியது எதற்காக? தன் மனம் தன்னிடம் இருக்கும் எட்டு மணி நேரத்துக்காக அல்லவா? இந்தியாவில் முதன்முதல் மே நாளைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923-இல், சென்னைக் கடற்கரையில். மீனவர் குலத்திற் பிறந்த அவர், இளமையில் சென்னையின் மகாபோதி சங்கப் பணிகளில் ஈடுபட்டவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். புத்தரை அறிந்த அவருக்கு, மே நாள் கொடியைத் தூக்குவதில் முரண்பாடு தோன்றவில்லை. நம் நாட்டிலும் 1954-ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரமென வேலைக்கு எல்லை கட்டியது. அவ்வெல்லையைக் காப்பதும், அது எட்டாத தொழில்களுக்கு அதனை நீட்டுவதும் எத்தனை கூண்டுகளும் செயலிகளும் தர முடியாத அமைதியைத் தரும். ஓய்வு உரிமையாகக் கிடைத்தபின் ஒருவர் அதிற் கண்ணை மூடி இருக்கலாம், கடலைப் பார்த்திருக்கலாம், கவிதை படிக்கலாம். அது அவர் விருப்பம்.

கடைப்பிடி வேண்டாம் என்பதன்று நமது முடிவு. அது முழுதாக வேண்டும் என்பதே. தேநீர் அருந்தும்போது தேநீரை நினைப்போம். ஆனால் நினைவை நாவின் நுனியோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். அத்தேயிலையைக் கொய்த மலையகப் பெண்ணின் விரல் வரை அது செல்லட்டும். நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று அவள் பல ஆண்டு குரலெழுப்பிய பின்னரே, 2021-இல் அது சட்டமாயிற்று என்பதும் அக்கோப்பைக்குள் இருக்கின்றது. உண்ணும்போது உப்பை நினைப்போம். வெயிலில் வெந்த பாத்தியும், வாரிய கையும் அதிற் கரைந்திருக்கின்றன. கரையில் நடக்கும்போது காலடியை நினைப்போம். அம்மணலில் யாருடைய காலடிகள் நின்றுபோயின என்பதையும் நினைப்போம். இவ்வாறு நினைக்கத் தொடங்கிய ஒருவர் தமக்குள் சுருங்க முடியாது. பிறரை நோக்கி விரிவார்.

ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் மாணவரின் கவனத்தைக் கேட்கின்றோம். கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், கவனி என்று கூறும்போதே எதைக் கவனி என்றும் கூறுதல் வேண்டும். தன் மூச்சைக் கவனிக்கும் பிள்ளைக்கு, பக்கத்து வாங்கில் உணவுப் பொதியின்றி வந்திருக்கும் தோழனையும் கவனிக்கக் கற்பிப்போம். அவன் ஏன் அவ்வாறு வந்தான் என்று கேட்கவும், கேட்டதை மறவாதிருக்கவும், மறந்தவருக்கு நினைவூட்டவும் கற்பிப்போம். பொச்சாவாமையை ஆள்வோரிடம் கேட்கும் துணிவு அப்பிள்ளைக்கு அங்கிருந்துதான் பிறக்கும்.